பழைய லாரியின் ஹைட்ராலிக் பிரேக்: கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

பல வருடம் கொட்டகையில் நின்ற லாரியின் எஞ்சின் ஓடிவிட்டால், அடுத்து எல்லோரும் கை வைப்பது பிரேக்கில்தான். மிதித்தால் பெடல் தரைக்குப் போகும். உடனே ஒருவர் வண்டிக்கு அடியில் படுப்பார், ஒருவர் சீட்டில் உட்காருவார், பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு லிட்டர் பிரேக் ஆயில் தீர்ந்த பிறகும் பெடல் அப்படியே இருக்கும். ஏர் எடுப்பது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அதை முதலில் செய்வதால் வரும் வினை இது.

இதை பெட்ஃபோர்ட் ஜே வரிசை லாரியை மனதில் வைத்து எழுதுகிறேன். எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுவது), முன்னும் பின்னும் டிரம் (சக்கரத்தோடு சுற்றும் இதை, உள்ளிருந்து விரியும் ஷூக்கள் உரசி நிறுத்தும்), நடுவே பிரேக்குக்குப் பலம் கூட்ட ஒரு வேக்குவம் சர்வோ. அதே காலத்து டாட்ஜ், ஃபார்கோ லாரிகளுக்கும் வேலையின் வரிசை இதுதான். அளவுகள் மட்டும் மாறும். ஏர் பிரேக் வண்டிகளுக்கு இது பொருந்தாது.

ஒன்றை மறக்கவே கூடாது. இந்த வண்டிகளில் பிரேக் லைன் ஒன்றே ஒன்று. எங்கோ ஒரு மூலையில் ஒரு ஹோஸ் வெடித்தாலும் எல்லாச் சக்கரமும் ஒரே நொடியில் பிரேக்கை இழக்கும். அதனால் “இப்போதைக்கு ஓடட்டும்” என்று எந்தக் கசிவையும் விட்டுவைக்க வழியில்லை.

1. முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல், அல்லது அதன் பிரேக் பகுதியின் நகல். கீழே நான் சொல்லும் அளவுகளுக்கும் மேனுவலுக்கும் முரண்பாடு வந்தால் மேனுவல் சொல்வதே சரி.

ஃப்ளேர் நட் ஸ்பானர். சாதாரண ஓப்பன் ஸ்பானர் போட்டால் துருப்பிடித்த பைப் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். பிறகு பைப்பையே அறுக்க வேண்டிவரும். முந்தின நாளே எல்லா நட்டுக்கும், ஏர் எடுக்கத் திறக்கும் திருகான நிப்பிளுக்கும் துருநீக்கி விட்டு ஊறவிடுங்கள்.

சீல் பிரிக்காத டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில், ஒளி ஊடுருவும் 6 மி.மீ. டியூப், ஒரு கண்ணாடிப் பாட்டில், மெத்திலேட்டட் ஸ்பிரிட், ரப்பர் கிரீஸ். பாதி தீர்ந்து மாதக்கணக்கில் மூடிக் கிடந்த டப்பா வேண்டாம். இவை கிளைகால் வகை ஆயில், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். மலைப்பாதை இறக்கத்தில், சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் ஒரே மிதியில் தரைக்குப் போகும்.

கூடவே ஒரு ஆள். பெடல் மிதிக்கவும், அதைவிட முக்கியமாக, நீங்கள் வண்டிக்கு அடியில் இருக்கும்போது பக்கத்தில் நிற்கவும்.

2. வண்டியை நகராமல் நிறுத்துதல்

சமதளம், கான்கிரீட் தரை. தூக்காத சக்கரங்களின் இரு பக்கமும் மரக்கட்டை. ஜாக்கியில் தூக்கியதும் ஆக்சிலுக்கு அடியில் லாரியின் எடை தாங்கும் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். பிரேக் இல்லாத வண்டி என்று தெரிந்தேதான் வேலையைத் தொடங்குகிறோம். ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டிரம்மைத் திறக்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தக் கால லைனிங்கில் (ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசியைப் பறக்கவிடுவது நம் ஒர்க்‌ஷாப்புகளில் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

3. பெடல் என்ன சொல்கிறது?

எதையும் கழற்றும் முன் சீட்டில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நிதானமாக மிதியுங்கள். காலுக்கு என்ன தெரிகிறதோ அதை ஒரு தாளில் எழுதுங்கள். அரை நாள் வேலை இதில் மிச்சமாகும்.

முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை அடித்ததும் மேலே வந்து கல்லாக நின்றால், பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். வேண்டியது அட்ஜஸ்ட்மென்ட். புதியவர்கள் இதைத்தான் ஏர் என்று நினைத்து ஏமாறுகிறார்கள்.

எத்தனை முறை அடித்தாலும் ஸ்பாஞ்சை மிதிப்பது போலிருந்தால் லைனில் காற்று இருக்கலாம், அல்லது பழைய ஹோஸ் அழுத்தத்தில் உப்புகிறது. புது லைனிங் போட்ட வண்டியில், ஷூவின் வளைவு டிரம்மோடு முழுதாகப் படியாவிட்டாலும் இதே உணர்வு வரும்.

ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், ஆயில் எங்கோ தப்புகிறது. வெளியே கசிவு தெரியாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் (பிஸ்டனோடு போய்வரும், உதடுள்ள ரப்பர் சீல்) உள்ளுக்குள்ளேயே ஆயிலைப் பின்னால் விடுகிறது.

பெடல் உயரமாக, கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் சர்வோ வேலை செய்யவில்லை, லைனிங்கில் எண்ணெய் இறங்கியிருக்கிறது, அல்லது லைனிங் கண்ணாடி போல் மெருகேறிவிட்டது.

ஓட ஓடப் பெடல் மேலே ஏறி, பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டு டிரம் கொதித்தால் 6-ம் படிக்குப் போங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், இழுக்கும் பக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். இடது சக்கரம் பிடிக்காமல் போனாலும் வண்டி வலது பக்கம்தான் இழுக்கும்.

4. டேங்கில் இருப்பது பிரேக் ஆயில்தானா?

மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டேங்க் மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். உள்ளே விழும் ஒரு மணல் துகள் போதும், வாஷரைக் கீறிவிடும்.

ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, டேங்கிலுள்ள ஆயிலைச் சில சொட்டுகள் அந்த டம்ளரில் விட்டுக் கலக்குங்கள். கிளைகால் பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். மேலே பளபளவென்று மிதந்தால் யாரோ எஞ்சின் ஆயிலோ, ஹைட்ராலிக் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள்; அல்லது சிலிகான் வகையான டாட் 5 இருக்கிறது. டாட் 5 கிளைகாலோடு சேராது. டாட் 5.1 என்பது பெயரில் நெருக்கம் என்றாலும் கிளைகால் வகைதான்.

எங்கள் கொட்டகைக்கு வந்த ஒரு லாரியில் இதை நேரிலேயே பார்த்தேன். ஆயில் குறைந்ததும் கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலை டிரைவர் ஊற்றியிருக்கிறார். மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தபோது வாஷர் ஊறிய மொச்சை போல உப்பி, விரலால் அழுத்தினால் பிசுபிசுத்தது. உதடு மடிந்து சிலிண்டரோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் வைத்த புது வாஷரை விடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிது.

அப்படி மினரல் ஆயில் கலந்துவிட்டால் டேங்கை மட்டும் கழுவிப் பயனில்லை. மாஸ்டர், சர்வோ, எல்லா வீல் சிலிண்டர், எல்லா ஹோஸ் என ரப்பர் இருக்கும் இடமெல்லாம் மாற்ற வேண்டும். உலோகப் பைப்புகளை ஸ்பிரிட்டால் கழுவிக் காய வைக்க வேண்டும். செலவு அதிகம்தான், ஆனால் குறுக்குவழி இல்லை.

5. கசிவைத் தேடுதல்

டேங்கை நிரப்பி, ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் டார்ச்சோடு மாஸ்டரில் தொடங்கிச் சக்கரம் வரை பைப்பைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம். காரணத்தை 10-ம் படியில் சொல்கிறேன்.

ஷாசியில் கிளிப் பிடித்திருக்கும் இடங்களைக் கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். மண்ணும் தண்ணீரும் அங்கேதான் தங்கும். வெளியே நன்றாகத் தெரியும் பைப் கிளிப்புக்குள் அரித்துப்போயிருக்கும். ஹோஸை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். டயரின் உள்பக்கத்திலும், டிரம்முக்குப் பின்னுள்ள தகட்டின் அடியிலும் ஈரம் இருந்தால் அந்தச் சக்கரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கர ஈரத்தை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக வாடையோடு கெட்டியாக இருந்தால் அது ஆக்சில் ஆயில்; மாற்ற வேண்டியது ஹப் ஆயில் சீல். வீல் சிலிண்டரை மாற்றி என்ன பயன்?

வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லை, ஆனால் டேங்கில் ஆயில் குறைந்துகொண்டே போகிறதா? சர்வோவின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி உள்ளே துணியை விட்டுப் பாருங்கள். ஈரமாக வந்தால், சர்வோவின் உள் சீல் கிழிந்து எஞ்சின் அந்த ஆயிலைக் குடிக்கிறது. பெட்ரோல் வண்டியில் சைலன்சரில் வெண்புகையும் தெரியும்.

6. பெடல் ஃப்ரீ பிளே: ஒரு சின்ன ஓட்டையின் கதை

மாஸ்டர் சிலிண்டருக்குள் டேங்கிலிருந்து இரண்டு துளைகள் இறங்கும். ஒன்று பெரியது. மற்றது ஊசி முனை அளவுள்ள ஈடுசெய்யும் துளை. பெடலை விட்டதும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கினால்தான் வாஷர் அந்தச் சின்னத் துளையைத் திறக்கும். லைனில் சூடேறி விரிந்த ஆயில் அதன் வழியாகத்தான் டேங்குக்குத் திரும்ப வேண்டும்.

அந்தத் துளை மூடியே இருந்தால் என்ன ஆகும்? ஓடும்போது ஆயில் விரியும், திரும்ப வழியில்லாமல் ஷூக்களைத் தள்ளும், டிரம் உரசும், இன்னும் சூடாகும், ஆயில் இன்னும் விரியும். பத்துக் கிலோமீட்டரில் வண்டி தானாக நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறினால் மறுபடி ஓடும்.

பெடல் தாழ்வாக இருக்கிறது என்று புஷ் ராடை (பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் கம்பி) நீட்டிவிடுகிறவர்கள் தாங்களே இதை வரவழைக்கிறார்கள். பெடல் உயரும் என்பது உண்மை. ஆனால் பிஸ்டன் பின்வாங்க இடம் இருக்காது. கையால் பெடலை அழுத்தினால், புஷ் ராடு பிஸ்டனைத் தொடும் முன் சிறிது தூரம் வெறுமனே போக வேண்டும். இதுதான் ஃப்ரீ பிளே. பெடல் முனையில் 10 முதல் 15 மி.மீ. வரை இருப்பது பொதுவான அளவு. பெடல் ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும், அதையும் பாருங்கள்.

சோதிப்பது சுலபம். டேங்கின் மூடியைத் திறந்து, பெடலை லேசாக அழுத்தச் சொல்லுங்கள். மிதித்த முதல் கணம் சின்னத் துளையிலிருந்து ஆயில் மேலே ஒரு சுழிப்பு விட்டால் அது திறந்திருக்கிறது. முகத்தை நேராக மேலே வைக்காதீர்கள், கண்ணில் தெறிக்கும்.

7. சர்வோ சோதனை

எஞ்சினை நிறுத்தி, சேமிப்பு வேக்குவம் தீரும் வரை பெடலை ஐந்தாறு முறை அடியுங்கள். பிறகு பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கு அடியில் சற்று இறங்கினால் சர்வோ உயிரோடு இருக்கிறது. அசைவே இல்லாவிட்டால் முதலில் வேக்குவம் ஹோஸையும் ஒருவழி வால்வையும் பாருங்கள். சர்வோவைக் கழற்றுவது அதற்குப் பிறகு.

பெட்ரோல் எஞ்சினில் வேக்குவம் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வரும். டீசலில் அதற்கெனத் தனிப் பம்ப் இருக்கும். அந்தப் பம்ப் தேய்ந்தால் பிரேக் கெட்டியாகும், பழி மட்டும் லைனிங் மேல் விழும்.

8. சக்கரத்தைத் தூக்கி, சுற்றி, திறந்து பார்த்தல்

ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றுங்கள். சுதந்திரமாகச் சுற்ற வேண்டும். பின்சக்கரத்துக்கு நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள்.

பெடலை மிதித்து விட்ட பிறகும் ஒரு சக்கரம் இறுகி நின்றால், அதே நிலையில் அழுத்தம் எங்கே சிக்கியிருக்கிறது என்று மாஸ்டர் பக்கமிருந்து தேடுங்கள். மாஸ்டரிலிருந்து வெளியே போகும் பைப் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் குறை மாஸ்டரில்: ஈடுசெய்யும் துளை அல்லது புஷ் ராடு. விடாவிட்டால் சர்வோவிலிருந்து வெளியே போகும் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே விட்டால் சர்வோ சிக்கியிருக்கிறது. அங்கும் விடாமல் சக்கரத்து நிப்பிளைத் திறக்கும்போது மட்டும் விட்டால், ஹோஸ் உள்ளே வீங்கி ஒருவழி வால்வு போல வேலை செய்கிறது. வெளித்தோற்றத்தில் அந்த ஹோஸ் புதியது போலவே இருக்கலாம். நிப்பிளைத் திறந்தும் விடாவிட்டால் கோளாறு ஆயிலில் இல்லை. ஷூ, ஸ்பிரிங், அல்லது இறுகிப்போன பிஸ்டன்.

டிரம்மைக் கழற்ற முதலில் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். தேய்ந்த டிரம்மில் விளிம்பு ஒன்று எழும்பியிருக்கும். ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். சுத்தியல் எடுக்கத் தோன்றும்போதெல்லாம் அட்ஜஸ்டரை இன்னும் ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். வார்ப்பிரும்பு விரிசல் விட்டால் ஒட்ட முடியாது.

வீல் சிலிண்டரின் தூசி ரப்பரைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் என்றால் வாஷர் தோற்றுவிட்டது. பிஸ்டனை வெளியே எடுத்து, சிலிண்டரின் உட்சுவரில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்கும் மாட்டாவிட்டால் லேசாக ஹோனிங் செய்து (உட்சுவரை நுண்கல்லால் தேய்த்து) புது வாஷர் போடலாம். நகம் குழியில் மாட்டினால் சிலிண்டரை மாற்றுங்கள், அல்லது பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போடுங்கள். குழிவிழுந்த சிலிண்டரில் புது வாஷர் சில வாரங்களில் கிழிந்துவிடும்.

கழுவ ஸ்பிரிட் அல்லது புது பிரேக் ஆயில் மட்டுமே. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் மூன்றும் ரப்பரைக் கெடுக்கும். வாஷரின் உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும்; அழுத்தம் அந்த உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டவைப்பதால்தான் சீல் ஆகிறது. திருப்பிப் போட்டால் முதல் மிதியிலேயே ஒழுகும்.

எண்ணெய் ஊறிய லைனிங்கை ஸ்பிரிட்டில் துடைத்து மறுபடி போடுகிறவர்கள் உண்டு. சூடேறியதும் உள்ளே ஊறியது வெளியே வரும். ஒரு பக்கம் மாற்றினால் அதே ஆக்சிலின் மறுபக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லையென்றால் வண்டி இழுக்கும்.

9. பைப்பும் மரையும்

இந்த வண்டிகளில் ஆபத்து ஒளிந்திருக்கும் இடம் மரை. பிரிட்டிஷ் லாரிகளின் பிரேக் நட்டுகள் யூஎன்எஃப் அங்குல மரை. மெலிந்த 3/16 அங்குலப் பைப்புக்குப் பெரும்பாலும் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. கடையில் சுலபமாகக் கிடைப்பது எம்10 மில்லிமீட்டர் மரை. பார்க்க இரண்டும் ஒன்றே. அங்குல நட்டை எம்10 துளையில் போட்டால் லூசாக ஏறி, இறுகியது போலக்கூடத் தோன்றும். அவசரத்தில் ஓங்கி மிதிக்கும் அன்று பிய்த்துக்கொண்டு வரும். புது நட்டைப் பழைய நட்டோடு மரையை மரையில் பொருத்திப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பைப் முனையில் பழைய ஃப்ளேர் (விரித்த வாய்) என்ன வடிவமோ அதே வடிவம் வேண்டும். வெடித்த பைப்பைப் பற்றவைத்து ஒட்டுவதும், தண்ணீர்க் குழாய் போல ஃபெரூல் இணைப்புப் போடுவதும் கூடாது. பைப்பை இணைப்பிலிருந்து இணைப்பு வரை முழுதாக மாற்றுங்கள்.

10. மாஸ்டர் சிலிண்டரைத் தனியே சோதித்தல்

சக்கரங்கள் சரி, பைப் சரி, இன்னும் பெடல் இறங்குகிறதா? மாஸ்டரின் வெளிவழியைச் சரியான மரையுள்ள பிளக் போட்டு அடைத்து, காற்றை வெளியேற்றிவிட்டு மிதியுங்கள். பெடல் மேலேயே கல்லாக நிற்க வேண்டும். அப்போதும் இறங்கினால் மாஸ்டரைப் பிரியுங்கள். இறங்காவிட்டால் குறை அதற்கு அப்பால்.

பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம் என்றேனே, காரணம் இது. வருடக்கணக்கில் வாஷர் போய்வராத கடைசிப் பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். முழுதாக மிதிக்கும்போது வாஷர் அந்தச் சொரசொரப்பில் ஏறிக் கிழிகிறது. “ஏர் எடுக்கும் முன் பெடல் சுமாராக இருந்தது, எடுத்த பிறகு போயே போய்விட்டது” என்று வருகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்தால் பாதுகாப்பு.

பிரித்தால் வெளிவழிப் பக்கம் உள்ள செக் வால்வையும் மாற்றுங்கள். பெடலை விட்ட பிறகும் லைனில் சிறு அழுத்தத்தை நிறுத்தி, வீல் சிலிண்டர் வாஷர்களின் உதடு சுருங்காமல் அது காக்கிறது. அது பழுதானால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் மறுநாள் காற்று ஏறியிருக்கும். ஈடுசெய்யும் துளையில் மெல்லிய செம்புக் கம்பியை விட்டுப் பாருங்கள். ட்ரில் போட்டுப் பெரிதாக்கினால் வாஷர் அதில் மாட்டிக் கிழியும்.

11. அட்ஜஸ்ட்மென்ட், அதற்குப் பிறகே ஏர்

முதலில் ஒவ்வொரு ஷூவையும் சக்கரம் நிற்கும் வரை இறுக்கி, உரசல் நீங்கும் வரை மட்டும் தளர்த்துங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் எத்தனை அட்ஜஸ்டர், எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கு மேனுவலைப் பாருங்கள். இடைவெளி குறைந்தால் ஷூவைத் தள்ளத் தேவைப்படும் ஆயிலும் குறையும், பெடல் உயரும். லூசான ஷூவோடு ஏர் எடுத்தால், காற்று போய்விட்டதா இல்லையா என்பதைக் கால் சொல்லாது.

எஞ்சின் நின்றிருக்க வேண்டும். சர்வோவின் வேக்குவத்தைப் பெடல் அடித்துத் தீர்த்துவிடுங்கள். சர்வோவில் நிப்பிள் இருந்தால் அங்கே தொடங்கி, பிறகு மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரம், கடைசியில் கிட்டத்துச் சக்கரம். வலது ஸ்டியரிங் வண்டியில் வழக்கமாக இடது பின், வலது பின், இடது முன், வலது முன்.

டியூபின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை பாட்டிலிலுள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். கீழே இருப்பவர் “மிதி” என்றதும் மேலே இருப்பவர் நிதானமாக மிதித்துப் பிடிக்க, நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே “விடு”. திறந்திருக்கும்போது காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்பி உள்ளே வரும். வேகமாக அடித்தால் குமிழிகள் நுரையாகிச் சிதறும். அவற்றைப் பிடிக்க இரட்டை நேரம் ஆகும்.

டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஒருமுறை காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லையேல் உரித்துவிடும்.

12. ஓட்டிப் பார்த்தல்

எஞ்சினை ஓடவிட்டு, வண்டியை நகர்த்தாமல், பலம் கொண்ட மட்டும் ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடியுங்கள். அந்த அழுத்தத்தில் ஒழுகாத இணைப்பு சாலையில் ஒழுக வாய்ப்புக் குறைவு. மீண்டும் டார்ச்சோடு ஒரு சுற்றுப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் தனியாக வண்டியைப் பிடிக்கிறதா என்று உறுதிசெய்யாமல் வெளியே எடுக்காதீர்கள்.

ஆளில்லாத சமமான இடத்தில் முதல் கியரில், நடக்கும் வேகத்தில் தொடங்குங்கள். பிறகு 20 கி.மீ. வேகம். இழுக்காமல் நின்றால் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஒன்றில் மட்டும் சுள்ளென்று ஆவியானால் அந்தச் சக்கரம் உரசுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்தே இருந்தால் அது வேலையே செய்யவில்லை.

100 கி.மீ. ஓடியதும் ஷூவை மறுபடி அட்ஜஸ்ட் செய்து, டேங்கின் அளவைப் பாருங்கள். புது லைனிங் படிந்து பெடல் சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பு. ஆயில் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு 5-ம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.